மாற்றுத்திறனாளிகளை ஊடகம் காட்டும் விதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு ஒன்றரை வயதில் போலியோ வந்தது. வலது காலில் காலிப்பர் என்கிற கம்பித் தாங்கியை மாட்டித்தான் நடக்கிறேன். இதழியல் படிக்கும் பிள்ளைகள், பள்ளி ஆசிரியர்கள், சினிமாவில் உதவி இயக்குநர்களாக இருக்கும் தம்பிகள் என்று பலரிடமும் பத்து வருடமாக இதைப் பற்றிப் பேசி வருகிறேன். எங்கே போனாலும் இதே கேள்விகள்தான் வருகின்றன. ஒரே இடத்தில் எழுதி வைத்தால் உதவும் என்று தோன்றியது.

சினிமாவும் சீரியலும் பொழுதுபோக்குதானே? அதைப் பார்த்து யாராவது மாறிவிடுவார்களா?

நான் ஆறாம் வகுப்பு படித்தபோது எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து அறையில் ஒரே ஒரு டிவி. ஞாயிறு சாயங்காலம் தூர்தர்ஷனில் படம் போட்டால் ஊரே அங்கே உட்கார்ந்திருக்கும். ஒரு படத்தில் கால் ஊனமான ஒருவர் வருவார். இன்னொருவர் அவருடைய கம்பைத் தட்டிவிடுவார். அவர் சாணிக் குழியில் விழுவார். அறை அதிர்ந்தது. என் அப்பா சிரிக்கவில்லை. எழுந்து போகவும் முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பிரேயர் வரிசையில் நான்கு பையன்கள் என் பின்னால் காலை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. வெள்ளிக்கிழமை வரை என் புத்தகப் பையைச் சுமந்துகொண்டு வந்தவனும் அதில் இருந்தான். மூன்று வருடமாக என் நடையைப் பார்த்தவன்தான். அது சிரிக்க வேண்டிய நடை என்று அவனுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

என்னை நேரில் தெரிந்தவனுக்கே இப்படி என்றால், யாரையுமே தெரியாதவர்களை நினைத்துப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள்; தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். உலக மக்களில் ஆறில் ஒருவருக்குக் குறிப்பிடத்தக்க ஊனம் உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். இருந்தும் பள்ளியில், பேருந்தில், அலுவலகத்தில் எங்களைப் பார்ப்பது குறைவு. படிக்கட்டும் உயரமான பேருந்துப் படியும் பலரை வீட்டிலேயே உட்கார வைத்துவிடுகின்றன. நேர்ப் பழக்கம் இல்லாத இடத்தைத் திரை நிரப்புகிறது. அமெரிக்காவில் ஜார்ஜ் கெர்ப்னர் என்ற ஆய்வாளர் இதைத்தான் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். டிவியை அதிகம் பார்ப்பவர்கள், வெளி உலகமும் டிவியில் வருவதைப் போலத்தான் இருக்கிறது என்று நம்பத் தொடங்குகிறார்கள் என்பது அவருடைய முடிவு. ஒரு படம் ஒருவரை மாற்றிவிடாது. ஒரே மாதிரி நூறு படம் வந்தால் மாற்றும்.

'ஸ்டீரியோடைப்' என்பதைத் தமிழில் எப்படிப் புரிந்துகொள்வது?

அது அச்சுக்கூடத்துச் சொல். எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோக்காமல், முழுப் பக்கத்தையும் ஒரே உலோகத் தகடாக வார்த்துத் திரும்பத் திரும்ப அச்சடிக்கும் முறைக்கு அந்தப் பெயர். 1922-ல் வால்டர் லிப்மன் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் அதை மனிதர்களைப் பற்றிய முன்முடிவுக்கு எடுத்துக்கொண்டார். 'எல்லாரும் ஒரே அச்சில் வார்த்தது மாதிரி' என்று நாம் சொல்கிறோமே, அதுதான். எங்களுக்கென்று நம் ஊடகத்தில் இருக்கும் அச்சுகள் மிகக் கொஞ்சம். கிண்டலுக்கு ஒன்று, வில்லத்தனத்துக்கு ஒன்று, பரிதாபத்துக்கு ஒன்று, கைதட்டலுக்கு ஒன்று. ரேஷன் கடையில் நின்று சண்டை போடுகிற, கடன் வாங்குகிற, காதலில் சொதப்புகிற சாதாரண ஆள் அதில் இல்லை.

வில்லனுக்கு எதற்கு ஒரு கண் இல்லாமல் போகிறது?

மனசு கோணல் என்பதை உடம்பின் கோணலாகக் காட்டிவிட்டால் கதை சொல்பவருக்கு வேலை மிச்சம். இது சினிமாவுக்கு முன்பே இருக்கிறது. ராமனைக் காட்டுக்கு அனுப்பத் தூண்டியவளுக்குப் பேரே கூனி. 1988-ல் தூர்தர்ஷனில் தொடங்கிய மகாபாரதத் தொடரில் சகுனி காலை இழுத்து இழுத்து நடப்பார். அந்த நடைதான் இன்று மேடை நாடகம் வரை சகுனியின் நடை. 'போன ஜென்மத்துப் பாவம்' என்று என் காதுபடச் சொன்ன பாட்டிகளுக்கு இந்தக் கதைகள் சாட்சியாக இருந்தன. ஒரு நோய்க் கிருமிக்கும் பாவத்துக்கும் சம்பந்தம் இல்லை. தடுப்பு மருந்து வீடு வீடாகப் போனது, 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோவே வரவில்லை, 2014-ல் நாடு போலியோ இல்லாததாக அறிவிக்கப்பட்டது. பாவம் குறைந்ததால் நடந்தது இல்லை அது.

கிண்டல் செய்வது தப்பு, சரி. பாராட்டுவதில் என்ன தப்பு?

அதிகம் வருகிற கேள்வி இதுதான். நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தொலைக்காட்சியிலிருந்து என்னைப் பேட்டி எடுக்க வந்தார்கள். நான் வேலை பார்த்த கட்டடத்தில் சாய்தளம் இல்லை. அதைப் பற்றித்தான் பேச ஒத்துக்கொண்டேன். முக்கால் மணி நேரம் பேசினேன். எத்தனை மனு கொடுத்தோம், சாய்தளம் என்ன சரிவில் இருக்க வேண்டும், எல்லாம். முடிந்ததும் இயக்குநர், "சார், அந்தப் படியில இன்னொரு தடவை ஏறுங்க. கொஞ்சம் மெதுவா... கைப்பிடியைப் பிடிக்காம முடியுமா?" என்றார். மூன்று முறை ஏறினேன். ஒளிபரப்பானபோது என் பேச்சில் ஒன்றரை நிமிடம் மிச்சமிருந்தது. மீதியெல்லாம் நான் படியேறுவது, பின்னால் புல்லாங்குழல். கீழே 'தடைகளைத் தகர்த்த தன்னம்பிக்கை' என்று எழுத்து ஓடியது. நான் எந்தத் தடையையும் தகர்க்கவில்லை. அந்தப் படி அங்கேயேதான் இருந்தது. மறுநாள் அலுவலகத்தில் கைகொடுத்தார்கள். சாய்தளம் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, 'நீங்கதான் ஏறிடுறீங்களே' என்று ஆகிவிட்டது.

அதனால்தான் சொல்கிறேன், இந்தப் பாராட்டு வலிக்காமல் குத்துகிற ஊசி. சக்கர நாற்காலியில் இருப்பவர் முயற்சி செய்தால் போதும் என்று ஆகிவிட்டால், கட்டடம் கட்டியவருக்கு வேலை இல்லை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஸ்டெல்லா யங் சக்கர நாற்காலியில் இயங்கியவர். 2014-ல் அவர் பேசிய பேச்சு ஒன்று உலகம் முழுக்கப் பரவியது. பள்ளியில் சட்டப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது இருபது நிமிடம் கழித்து ஒரு மாணவன் கை தூக்கி, உங்கள் பேச்சை எப்போது தொடங்குவீர்கள் என்று கேட்டானாம். சக்கர நாற்காலியில் வருகிறவர் ஊக்கம் கொடுக்கத்தானே வருவார், பாடம் நடத்தவா வருவார் என்று அவன் பழகியிருக்கிறான். எனக்கும் கல்லூரிகளில் இதே அனுபவம் உண்டு. தலைப்பு என்னவென்று சொல்லியே அழைப்பார்கள். அறிமுகத்தில் மட்டும் 'நமக்கெல்லாம் உந்துசக்தி' என்பார்கள்.

மாரியப்பன் தங்கவேலுவை எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டிக்காரர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். அடுத்தடுத்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம். சின்ன வயதில் பேருந்து ஏறிக் கால் நசுங்கியதும், அம்மா காய்கறி விற்று வளர்த்ததும் தமிழ்நாட்டில் எல்லாருக்கும் தெரியும். ரியோவில் அவர் தாண்டிய உயரம் 1.89 மீட்டர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? போட்டிப் பிரிவு எப்படிப் பிரிக்கிறார்கள், ஒற்றைக் காலில் உந்தி எழும்புவதற்குப் பயிற்சி என்ன, இதையெல்லாம் விளையாட்டுப் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். கிரிக்கெட் வீரரைப் பற்றி எழுதும்போது அவருடைய கவர் டிரைவைப் பற்றி எழுதுகிறோம் இல்லையா?

இன்னொன்று. 2022 நவம்பரில் மெரினாவில் கடல் அருகே வரை மரப்பாதை போட்டார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் அலை அருகே போனார்கள். அன்று நான் பார்த்த செய்திகள் எல்லாவற்றிலும் ஆனந்தக் கண்ணீர். எனக்கும் கண் கலங்கியது, மறுக்கவில்லை. ஆனால் ஊருக்கே பொதுவான கடற்கரைக்கு ஒரு பாதை போட 2022 வரை ஏன் ஆனது என்ற கேள்வியும் அன்றே வந்திருக்க வேண்டும். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அந்தப் பாதையைச் சேதப்படுத்தியது. அழுத முகத்தைக் காட்டினால் ஒருவரின் கதையாகிறது. பாதையைக் காட்டினால்தான் ஊரின் கதையாகும்.

'ஊனமுற்றவர்', 'மாற்றுத்திறனாளி', 'திவ்யாங்': எதைச் சொல்ல வேண்டும்?

எழுத்தில் மாற்றுத்திறனாளி என்றே எழுதுங்கள். மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது அரசு ஆவணங்களில் 'ஊனமுற்றோர்' போய் இந்தச் சொல் வந்தது. இன்று ஊர்ப்புறத்து அம்மாக்கள் வரை வாயில் புழங்குகிறது. ஒரு சொல்லை மாற்றி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் உதாரணமே இதுதான். 'ஏ நொண்டி' என்று கூப்பிட்ட ஊரில் இப்போது பேருந்து நடத்துநர், "மாற்றுத்திறனாளி சீட்டுல உக்காந்திருக்கவங்க எழுந்திருங்க" என்கிறார். ஆனாலும் எனக்கு இதில் ஒரு சின்ன நெருடல் உண்டு. மாற்றாக ஒரு திறன் என்னிடம் ஒளிந்திருப்பதாக இது சொல்கிறது. என்னிடம் அப்படி எதுவும் இல்லை. கால் சரியாக வேலை செய்யாது, அவ்வளவுதான். 2015 டிசம்பரில் பிரதமர் மோடி முன்வைத்த 'திவ்யாங்' இன்னும் ஒரு படி மேலே போய் உடம்பைத் தெய்வீகம் ஆக்குகிறது. ஊனமுற்றோர் அமைப்புகள் பல அதை எதிர்த்தன. தெய்வத்துக்குக் கழிப்பறை தேவைப்படாது, எங்களுக்குத் தேவைப்படும்.

குறிப்பாகச் சொல்ல வேண்டிய இடத்தில் குறிப்பாகவே சொல்லலாம்: பார்வையற்றவர், காது கேளாதவர், மூளை முடக்குவாதம் உள்ளவர். 'சக்கர நாற்காலியில் முடங்கியவர்' மட்டும் வேண்டாம். நாற்காலி கிடைக்காத வரைதான் முடக்கம், கிடைத்த பிறகு தெருவுக்குப் போகலாம்.

'நொண்டிச் சாக்கு' என்றுகூடச் சொல்லக்கூடாதா? அது வெறும் பேச்சு வழக்குதானே?

நானே சொல்லியிருக்கிறேன். ஒருநாள் என் மகள், "அப்பா, சாக்கு எப்படி நொண்டும்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு வாயில் வரவில்லை. நொண்டிச் சாக்கு, குருட்டு நம்பிக்கை, குருட்டு அதிர்ஷ்டம், செவிடன் காதில் ஊதிய சங்கு, முடங்கிக் கிடக்கும் நிர்வாகம். எதுவெல்லாம் உருப்படாதோ அதற்கெல்லாம் எங்கள் உடம்புதான் உவமை. வீட்டுப் பேச்சில் ஒரேயடியாக மாறிவிடாது என்று எனக்குத் தெரியும். பழமொழி பேசும் பாட்டியோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் தலைப்பு எழுதச் சம்பளம் வாங்குகிறவருக்கு 'சாக்குப்போக்கு' என்ற சொல் தெரியும். 'கண்மூடித்தனமான' என்று எழுதினால் பொருள் குறையாது; கண்ணை மூடிக்கொண்டவர் வேறு, பார்வை இல்லாதவர் வேறு.

மனநோயைப் பற்றிய நகைச்சுவையும் இதில் சேருமா?

சேரும், அதுதான் எல்லாவற்றிலும் கொடுமையானது. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்ற ஒரு வரிக்கு எத்தனை காட்சிகளில் சிரித்திருக்கிறோம். கீழ்ப்பாக்கத்தில் இருப்பது இந்தியாவின் பழைய மனநல மருத்துவமனைகளில் ஒன்று. 1794-ல் தொடங்கிய சிகிச்சை மரபு அதற்கு உண்டு. அந்தப் பெயரையே வசவாக்கிவிட்டோம். அப்புறம், டாக்டரிடம் போகச் சொன்னால் 'எனக்கென்ன பைத்தியமா' என்று ஏன் கோபப்படுகிறார்கள் என்று கேட்கிறோம். மருத்துவமனை என்றால் வெட்கம்; சங்கிலி என்றால் வெட்கமில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அதற்குக் காரணம் சினிமா என்று சொல்ல வரவில்லை. வறுமையும் சிகிச்சை எட்டாததும் பெரிய காரணங்கள். ஆனால் மனநோயாளி என்றால் கட்டிப்போட வேண்டியவர் என்ற படம் ஒரு சமூகத்தின் மனசில் தானாக வந்து உட்கார்ந்திருக்காது. 2017-ன் மனநலச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்துவிட்டது. காட்சிகளில் இன்னும் கட்டில் காலில் கட்டுகிறார்கள்.

அப்படியென்றால் உங்களை வைத்து ஜோக்கே சொல்லக்கூடாதா?

சொல்லலாம். எங்கள் நண்பர்கள் கூட்டத்தில் நாங்கள் சிரிக்கிற சிரிப்பை நீங்கள் கேட்டதில்லை. காலிப்பர் திருகு கழன்று கல்யாண வீட்டில் உருண்டு போய்ச் சமையல்காரர் காலடியில் நின்ற கதையைச் சொன்னால் இன்றும் வயிறு வலிக்கும். யார், எதைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதில்தான் எல்லாம். 2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம், மாற்றுத்திறனாளி உரிமை ஆர்வலர் நிபுண் மல்ஹோத்ரா ஒரு படத்தை எதிர்த்துத் தொடர்ந்த வழக்கில் இதைத் தெளிவாகப் பிரித்தது. ஊனத்தைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை ஒன்று. ஊனத்தைப் புரியவைக்கும் நகைச்சுவை இன்னொன்று. முதலாவது ஒதுக்கும், இரண்டாவது சேர்க்கும். பார்வையற்றவர் எதிரில் இருப்பதிலெல்லாம் முட்டிக்கொள்வார் என்பது போன்ற கட்டுக்கதையும் வேண்டாம், அதீத சக்தி கொண்டவராகவும் காட்ட வேண்டாம், எங்களைப் பற்றிய படைப்பில் எங்களைக் கலந்துகொள்ளுங்கள் என்று அந்தத் தீர்ப்பு வழிகாட்டியது. 2025 ஆகஸ்டில், மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்த நகைச்சுவைக் கலைஞர்கள் சிலரைத் தங்கள் பக்கங்களிலேயே மன்னிப்புக் கேட்கச் சொன்னதும் அதே நீதிமன்றம்தான்.

மாற்றுத்திறனாளி வேடத்தில் மாற்றுத்திறனாளிதான் நடிக்க வேண்டுமா?

முடிந்தவரை ஆம். ஆனால் நான் அதைவிட இன்னொன்றை ஆசைப்படுகிறேன். காது கேளாத, வாய் பேசாத அபிநயா 2009-ல் தமிழ்த் திரைக்கு வந்தபோது, காது கேட்டுப் பேசும் பெண்ணாகவே நடித்தார். பார்த்தவர்களுக்குப் பிறகு சொல்லித்தான் தெரிந்தது. காது கேளாத அமெரிக்க நடிகர் டிராய் காட்சர் 2022-ல் ஆஸ்கர் வாங்கினார். வாசல் திறந்தால் ஆள் இருக்கிறார்கள். கதையில் வங்கி மேலாளர் வருகிறாரா? அவர் கையில் ஊன்றுகோல் இருக்கட்டும். அதைப் பற்றி ஒரு வசனமும் வேண்டாம். அந்தக் காட்சிக்காகத்தான் காத்திருக்கிறேன்.

நான் நிருபர். நாளைக்கே என்ன மாற்றிக்கொள்ளலாம்?

எங்களோடு துணைக்கு வந்தவரைப் பார்த்துக் கேள்வி கேட்காதீர்கள். எங்களைப் பார்த்துக் கேளுங்கள். ஊனம் செய்திக்குத் தேவையா என்று யோசியுங்கள்: சாலை வரியைப் பற்றிக் கருத்துச் சொன்ன வியாபாரிக்குக் கண் தெரியாது என்பது அங்கே எதற்கு? 'அவதிப்படும்', 'பாதிக்கப்பட்ட' என்று நீங்களாகச் சேர்க்க வேண்டாம். டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்துக்கு மட்டும் போன் செய்யாதீர்கள். பட்ஜெட் வரும் நாளிலும் பேருந்துக் கட்டணம் ஏறும் நாளிலும் செய்யுங்கள். பயணப்படி, தாழ்தளப் பேருந்து, 4 சதவீத இடஒதுக்கீட்டில் நிரப்பாத காலியிடம் என்று எங்களிடம் செய்தி நிறைய இருக்கிறது.

மோசமான காட்சியைப் பார்த்தால் எங்கே புகார் செய்வது?

டிவி நிகழ்ச்சி என்றால் முதலில் அந்தச் சேனலுக்கே எழுத வேண்டும். கேபிள் டிவிக்கான 2021 விதிகளின்படி 15 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் ஒளிபரப்பாளர்களின் சுயஒழுங்கு அமைப்புக்கு, அதற்கும் மேல் ஒன்றிய அரசுக்கு. அச்சுப் பத்திரிகைக்குப் பிரஸ் கவுன்சில். சினிமாத் தணிக்கைக்கு 1991-லேயே வழிகாட்டு நெறி உண்டு: உடல், மனக் குறைபாடு உள்ளவர்களை இழிவுபடுத்தும் காட்சியைத் தேவையில்லாமல் வைக்கக்கூடாது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 92-ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. எதற்கு அனுப்பினாலும் நிகழ்ச்சியின் பெயர், தேதி, நேரம், சொன்ன வரி, இந்த நான்கையும் எழுதுங்கள். 'மனம் புண்பட்டது' என்று மட்டும் எழுதினால் நகராது.

திரையை மாற்றினால் போதுமா?

போதாது. கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954-லேயே சொன்னார்: முன்முடிவு உடைந்துபோக வேண்டுமென்றால், இரு தரப்பும் சம நிலையில் ஒரே வேலையைச் சேர்ந்து செய்ய வேண்டும், மேலே இருப்பவர்களும் அதற்குத் துணை நிற்க வேண்டும். ஒரே வகுப்பறை, ஒரே விளையாட்டுத் திடல், ஒரே அலுவலகம். அங்கே பழகிய பிள்ளைக்குத் திரையில் வரும் பொய் பொய்யாகத் தெரியும். எங்கள் உடற்கல்வி ஆசிரியர் என்னை நடுவராக்கி விசில் கொடுத்த அன்று அந்த நான்கு பையன்களும் என் பின்னால் நடந்து காட்டுவதை நிறுத்தினார்கள். நான் 'நோ பால்' கொடுத்தேன் என்று சண்டைக்கு வந்தார்கள். அவ்வளவு சந்தோஷமாக நான் சண்டை போட்டதே இல்லை.

பிள்ளைகள் கை நீட்டிக் கேட்டால் என்ன செய்வது? சங்கடமாக இருக்கிறதே.

வாயைப் பொத்தாதீர்கள். போன மாதம் பேருந்தில் பக்கத்து இருக்கையில் நான்கு வயதுப் பையன். என் காலிப்பரையே பார்த்துக்கொண்டு வந்தான். "மாமா, உங்க கால்ல ஏன் கம்பி?" என்றான். அவன் அம்மா, "சும்மா இரு" என்று கையில் ஒரு அடி போட்டார். நான், "இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு, என் கால் தானாக நிற்காது, கம்பி பிடித்துக்கொள்ளும் என்றேன். முட்டிப் பூட்டைத் திறந்து மடக்கிக் காட்டினேன். 'டக்' என்று சத்தம் வந்தது. "இன்னொரு தடவை" என்றான். திண்டுக்கல் வரும்வரை திறந்து மூடிக்கொண்டே வந்தோம்.